விளக்கும் ரவுண்டும்

லிங்கராஜபுரத்தில் நாம் நன்கு அறிந்த இல்லம் ஒன்று உண்டு. அங்கே ஒரு மூதாட்டியார். ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் அவர்தம் பேரன் ஒருவன். ஒரு மாலைப் பொழுதில் நாம் அவ்வில்லத்திற்குச் சென்றிருந்தபோது, பிள்ளை தன் ஆங்கில இலக்கணப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தான். 'ரவுண்டு' என்னும் ஒரே சொல் ஐந்து வாக்கியங்களில் வந்திருந்தது. ஒவ்வோரிடத்தும் அது எவ்வகைச் சொல் எனக் கூறுதல் வேண்டும். பிள்ளை சற்றும் தயங்காது ஐந்திற்கும் சரியான விடை எழுதினான். நாமும் மகிழ்ந்தோம்.

அவ்வேளையில் அடுக்களையிலிருந்து பாட்டியார், "கண்ணு, இந்தச் சொம்பைக் கொஞ்சம் விளக்கு" என்றார். பிள்ளை எழுந்து சென்றான். பூசை அலமாரியிலிருந்த குத்துவிளக்கை இரு கைகளாலும் தூக்கி வந்து சொம்பின் அருகே வைத்தான்.

அனைவரும் சிரித்தோம். பாட்டியாரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின், "அவனுக்குத் தெரிஞ்ச விளக்கு எரியற விளக்கு ஒண்ணுதான்" என்று மெல்லக் கூறிவிட்டுச் சொம்பைத் தாமே எடுத்துக்கொண்டார். அச்சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆங்கிலச் சொல் ஒன்று ஐந்து தொழில் புரிவதை அறிந்த பிள்ளைக்கு, தன் வீட்டுச் சொல் இரண்டு தொழில் புரிவது தெரியவில்லை. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை மொழி வரலாற்றின் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலச் சொல்லின் இயல்பு

முதற்கண் 'ரவுண்டு' என்னும் சொல்லையே நோக்குவோம். வட்ட மேசையைக் குறிக்குமிடத்து அது பெயரடை. குத்துச்சண்டையில் ஒரு சுற்றைக் குறிக்குமிடத்துப் பெயர். தெருமுனையை வளைந்து கடத்தலைக் குறிக்குமிடத்து வினை. திரும்பிப் பார்த்தலைக் கூறுமிடத்து வினையடை. வீட்டைச் சுற்றி என்னும் பொருளில் வருமிடத்து முன்னிடைச்சொல். ஐந்திடத்தும் சொல்லின் வடிவம் ஒன்றே. அச்சொல் வாக்கியத்தில் எங்கு நிற்கிறது என்பதே அதன் தொழிலை நமக்குக் காட்டுகிறது.

ஆங்கிலம் தொடக்கமுதலே இவ்வாறு இருந்ததில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், அன்பு என்னும் பெயர் 'லுஃபு' என்றும், அன்பு செய்தல் என்னும் வினை 'லுஃபியன்' என்றும் வேறு வேறாக வழங்கின. ஈற்றைக் கேட்டவுடனே இது பெயர், இது வினை எனத் தெளியலாம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வெல்வதற்கு முன்பே தளரத் தொடங்கிய அவ்வீறுகள், பின்வந்த மூன்று நான்கு நூற்றாண்டுகளில் பெரும்பாலும் உதிர்ந்துபோயின. பெயரும் வினையும் 'லவ்' என்னும் ஒரே வடிவில் வந்து நின்றன. ஈறு இல்லாமற் போகவே, எச்சொல்லையும் எவ்விடத்தும் அமர்த்தலாம் என்னும் உரிமை பிறந்தது. சேக்சுபியர் தம் 'இரண்டாம் ரிச்சர்டு' நாடகத்தில், சிறிய தந்தையைக் குறிக்கும் முறைப்பெயரையே வினையாக்கிக் காட்டினார். நம் காலத்தில் ஒரு நிறுவனத்தின் பெயராகிய 'கூகுள்' இணையத்தில் தேடுதலைக் குறிக்கும் வினையாயிற்று. 2006ஆம் ஆண்டில் அதனை ஆக்சுபோர்டு அகராதியும் ஏற்றுக்கொண்டது.

ஆகவே, ஆங்கிலத்தின் இவ்வாற்றல் ஈறுகளை இழந்ததன் பயனாய்க் கிடைத்த ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழிலக்கணம் கண்ட நெறி

கிரேக்க இலக்கணிகள் சொற்களை எட்டாகப் பகுத்தனர். அப்பகுப்பு இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற்கும் சென்றது. தொல்காப்பியரோ சொல்லெனப்படுவன பெயர், வினை என்னும் இரண்டே என்றும், இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து தோன்றும் என்றும் வகுத்தார். இரண்டே பெருந்தூண்கள், ஏனையவை அவற்றைப் பற்றி நிற்பவை.

இங்கே கருநாடக மண்ணில் வாழும் நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்க செய்தி ஒன்றுண்டு. தமிழ்ப் பிள்ளைகள் பல நூற்றாண்டுகளாகக் கற்றுவரும் நன்னூலைப் பவணந்தி முனிவர் இயற்றியது சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டிக்கொண்டதனால் ஆகும். கங்கர் குலத்தவன் அவன். அக்குலத்தாரின் பழம்பதி குவளாலபுரம் எனப்பட்ட கோலார். பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அவ்வூர். தமிழிலக்கணம் இம்மண்ணுக்குப் புதிய விருந்தினர் அன்று என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

பெயரும் வினையும் வேறு என வகுத்த நம் முன்னோர், ஒரு சொல்லே இரண்டுமாகி நிற்றலையும் கண்டிருந்தனர். 'அவனுக்கு ஓர் அடி விழுந்தது' என்பதில் 'அடி' பெயர். 'பந்தை அடி' என்பதில் வினை. இவ்வாறு வினையின் பகுதி தன் வடிவம் மாறாது பெயராய் நிற்பதை முதனிலைத் தொழிற்பெயர் என்றனர். 'கெடு' என்பது 'கேடு' எனவும், 'சுடு' என்பது 'சூடு' எனவும், 'பெறு' என்பது 'பேறு' எனவும் முதலெழுத்து நீண்டு பெயராதலை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்றனர். 'சுடுசோறு', 'ஊறுகாய்' என வினைப்பகுதியே பெயருக்கு அடையாய் முன்நிற்பதை வினைத்தொகை என்றனர்.

இனி ஆங்கில 'ரவுண்டு' செய்யும் வேலைகளை நம் 'சுற்று' செய்யுமா எனப் பார்ப்போம். 'மூன்றாம் சுற்று ஆட்டம்' என்பதில் பெயர். 'நூலைச் சுற்று' என்பதில் வினை. 'சுற்றுச்சுவர்' என்பதில் அடை. 'வீட்டைச் சுற்றி மரங்கள்' என்பதில், ஆங்கிலத்தார் முன்னிடைச்சொல்லால் கூறுவதை எச்ச வடிவால் கூறுகிறது. 'சுற்றிலும் பார்த்தான்' என்பதில் வினையடையின் வேலை. ஐந்தும் கிடைத்துவிட்டன.

எனினும் வேற்றுமை ஒன்று உண்டு. தமிழ்ச்சொல் தொழில் மாறும்போது பெரும்பாலும் அதற்குரிய உருபையும் ஏற்றுக்கொள்கிறது. 'சுற்றில்' என்றால் பெயர்; 'சுற்றினான்' என்றால் வினை. ஏவல் வினையில் மட்டும் உருபு ஏதுமின்றி வெற்றுப் பகுதியாய் நிற்கும். நம் பிள்ளை தடுமாறியதும் அவ்விடத்தில்தான். "விளக்கினாயா?" என்று பாட்டியார் வினவியிருந்தால் குத்துவிளக்கு வந்திராது. ஆயினும் பாட்டியார் கூறிய தொடரிலேயே வழிகாட்டி ஒன்று இருந்தது. 'சொம்பை' என்பதன் ஈற்றில் நின்ற ஐகாரம், இனி வருவது வினை என முன்னறிவித்துக்கொண்டிருந்தது. ஆங்கிலச் சொற்களின் இருப்பிடத்தைக் காணப் பழகிய பிள்ளையின் செவி, தமிழின் உருபைக் கேட்கப் பழகவில்லை.

மேலைநாட்டார் கண்ட தமிழ்

எட்டு வகைச் சொற்பாகுபாட்டை நெஞ்சில் ஏந்தித் தமிழ் கற்க வந்த ஐரோப்பியர் நிலை இதற்கு நேர்மாறானது. 1549ஆம் ஆண்டளவில் அன்றீக்கே அன்றீக்கசு பாதிரியார் முத்துக்குளித்துறைத் தமிழுக்குப் போர்த்துக்கீச மொழியில் இலக்கணம் வரைந்தார். 1716இல் சீகன்பால்குவின் தமிழிலக்கணம் இலத்தீன் மொழியில் செருமனியின் ஆலே நகரில் அச்சேறியது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. இவர்கள் இலத்தீன் அளவுகோலைக் கையில் கொண்டு தமிழை அளந்தனர். அளவுகோல் பொருந்தாத இடங்களில் தமிழின் தனித்தன்மையைக் கற்றுக்கொண்டனர்.

1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், திராவிட மொழிகளின் அடிச்சொற்களுள் பெரும்பகுதி பெயராகவும் வினையாகவும் வேறுபாடின்றி ஆளப்படுகின்றன என்று எடுத்துக்காட்டினார். ஆங்கிலத்திற்கே உரியதென நம் பிள்ளைகள் எண்ணும் இயல்பைத் தமிழிலும் அதன் உடன்பிறந்த மொழிகளிலும் அவர் கண்டு கூறினார் என்பதை உளங்கொள்ளுதல் வேண்டும்.

அறிஞர் சி. யு. போப் நம் ஊருக்கு இன்னும் நெருங்கியவர். 1850களில் தமிழ் பயிலும் ஆங்கிலேயர்க்கென நூல் எழுதியவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாவிடை முறையில் தமிழிலக்கணம் தந்தவர். அவரே 1870களில் பெங்களூர் பிசப் காட்டன் பள்ளியின் தலைவராகப் பணியாற்றினார். பின்னர் இங்கிலாந்து சென்று 1886இல் திருக்குறள் மொழிபெயர்ப்பையும் 1900இல் திருவாசக மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். ஆங்கிலேயர் ஒருவர் தமிழிலக்கணத்தை நெஞ்சில் சுமந்து நடந்த இத்தெருக்களில், நம் பிள்ளைகள் ஆங்கில இலக்கணத்தைச் சுமந்து நடக்கின்றனர். இரண்டும் நன்றே. ஆயின் அவர் தம் தாய்மொழியை இழந்து தமிழைக் கற்கவில்லை.

தண்டில் கலந்த சொற்கள்

1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் படைவீடு அமைத்தனர். 'கண்டோன்மெண்ட்' என்னும் அதனைக் கன்னட மக்கள் 'தண்டு' என்றனர். தண்டு என்றால் படை. இப்பொருளில் அது தமிழிலும் பழஞ்சொல்லே. வாழைத்தண்டு என்னும்போதும் பெயராய் நிற்கும் அச்சொல், வரி தண்டுதல் என்னும்போது வினையாகும். நம் முன்னோர் வந்து குடியேறிய இடத்தின் பெயரே ஒரு சொல் பல தொழில் புரிவதற்குச் சான்றாய் அமைந்தது வியப்பே.

படையுடன் சென்னை மாகாணத்துத் தமிழர் பலர் வந்தனர். படைவீரர், கட்டடத் தொழிலாளர், வணிகர், சமையற்காரர், எழுத்தர் எனப் பலவகையினர். 1864இல் சோலார்ப்பேட்டையிலிருந்து தண்டுக்கு இருப்புப்பாதை வந்தபின் வரவு பெருகியது. 1898இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின் நெரிசல் நீங்கப் பிரேசர் டவுன் எழுந்தது. காக்ஸ் டவுன், குக் டவுன் என்பனவும் எழுந்தன. அவற்றை அடுத்து, தொடர்வண்டிப் பாதையின் ஓரமாய் விரிந்த லிங்கராஜபுரத்திலும் தமிழ்க்குடும்பங்கள் வேரூன்றின. தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், உருது, ஆங்கிலம் என ஆறு மொழிகளை ஒரே தெருவில் கேட்கலாகும் ஊர் இது.

ஆங்கிலச் சொல் தமிழர் வாயில் புகுந்தபோது நிகழ்ந்தது என்ன? 'ஸ்டாப்' என்னும் சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் நிற்றலும் அதுவே, நிறுத்தலும் அதுவே, நிற்குமிடமும் அதுவே. நம்மவரோ, வண்டி தானே நின்றால் 'ஸ்டாப் ஆயிற்று' என்பர். ஓட்டுநர் நிறுத்தினால் 'ஸ்டாப் பண்ணினார்' என்பர். இடத்தைச் சுட்டுமிடத்து 'பஸ் ஸ்டாப்' என்பர். ஆங்கிலம் ஒன்றாக வைத்ததைத் தமிழ் மூன்றாகப் பிரித்துவிட்டது. தன்வினை வேறு, பிறவினை வேறு, பெயர் வேறு என்னும் நம் இலக்கணம், கடன்வாங்கிய சொல்லின்மீதும் தன் ஆணையைச் செலுத்துகிறது. 'நின்றது, நிறுத்தினார், நிறுத்தம்' என்னும் மூன்றின் நிழலே அங்குக் காணப்படுவது.

இதற்குக் காரணம் உண்டு. தமிழ் வினைமுற்றுக் காலமும் இடமும் காட்டியாக வேண்டும். அயற்சொல்லுக்கு எந்தக் கால இடைநிலையைச் சேர்ப்பது? இந்தத் தடையை நம் முன்னோர் காலந்தோறும் வெவ்வேறு வழிகளில் கடந்தனர். வடசொற்கள் வந்த காலத்தில் அவற்றின் ஈற்றில் இகரம் சேர்த்துத் தமிழ் வினையாகவே ஆக்கிக்கொண்டனர். அனுபவம் 'அனுபவி' ஆயிற்று. உபசாரம் 'உபசரி' ஆயிற்று. கன்னடத்தார் இதனையே 'அனுபவிசு' என்பர். தெலுங்கர் 'அனுபவிஞ்சு' என்பர். பின்னர் நவாபுகள் ஆட்சியிலும் கும்பினியார் கச்சேரிகளிலும் பாரசீக, அரபுச் சொற்கள் வந்தபோது, அவற்றைப் பெயராகவே நிறுத்தி வசூல் செய், ஜப்தி செய், ரத்து செய், ராஜினாமா செய் எனத் தமிழ் வினையைத் துணைசேர்த்தனர். ஆங்கிலச் சொற்கள் இம்முறையையே பின்பற்றின. எழுத்தில் 'செய்', பேச்சில் 'பண்ணு'.

அண்டை வீட்டார் வழக்கமும் இதுவே. கன்னடத்தார் 'டிரைவ் மாடு' என்பர்; அந்த 'மாடு' செய்தலைக் குறிப்பது, நம் வீட்டு மாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உருது பேசுவோர் 'டிரைவ் கர்னா' என்பர். ஆங்கிலத்தில் பெயரும் வினையுமாய் உலவிய சொல், இந்நாட்டு மொழிகளின் வாயிலில் நுழைகையில் பெரும்பாலும் பெயராகவே நுழைகிறது. வினையாக வேண்டுமெனில் ஒரு துணைவினையைப் பற்றிக்கொள்கிறது. எனவே 'பண்ணு' என்று பேசுவோரைச் சோம்பேறிகள் என்று ஏசுவது வரலாறு அறியாதார் செயல். 'பண்ணு' சங்க நூல்களிலேயே வழங்கும் பழந்தமிழ் வினையுமாகும்.

இழப்பு எங்கே?

அங்ஙனமாயின் வருந்துவதற்கு ஒன்றுமில்லையா? உண்டு. இரு தலைமுறைகளின் பேச்சை ஒப்பிட்டால் அது விளங்கும்.

முந்தைய தலைமுறையினரும் ஆங்கிலச் சொற்களைத் தாராளமாக வழங்கினர். ஆனால் அவர்கள் வாங்கியவை பெரும்பாலும் பொருட்பெயர்கள். கார் வந்தது, அதனை 'ஓட்டினர்'. போட்டோ வந்தது, அதனைப் 'பிடித்தனர்'. பெயிண்ட் வந்தது, 'அடித்தனர்'. பிரேக் வந்தது; 'போட்டனர்'. பொருள் புதிது, பெயர் அயலது. தொழிலைக் கூறும் வினையோ தமிழ். அதிலும் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குப் பொருந்திய தனி வினை.

இன்றைய இளையோர் 'டிரைவ் பண்ணினேன்', 'வெயிட் பண்ணு', 'வாஷ் பண்ணியாச்சு' என்கின்றனர். இங்கே வாங்கப்படுவது புதிய பொருளின் பெயர் அன்று. பழைய தொழிலின் பெயர். ஓட்டுதலும் காத்திருத்தலும் கழுவுதலும் நம்மிடம் இல்லாதவை அல்ல. ஆங்கிலச் சொல்லின் வினைப்பொருளைப் பெயராக்கி, அதன்பின் 'பண்ணு' என்னும் ஒரே வினையை எல்லாவற்றிற்கும் ஒட்டும்போது, இருந்த வினைகள் வேலையிழந்து போகின்றன.

'வாஷ் பண்ணு' என்னும் ஒரு தொடர் எத்தனை சொற்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது பாருங்கள். துணியைத் துவைப்போம், பின் நீரில் அலசுவோம். கையைக் கழுவுவோம், காலை அலம்புவோம். அரிசியைக் களைவோம். பாத்திரத்தை விளக்குவோம். இவற்றுள் ஒவ்வொன்றும் வேறு செயல். கை அசையும் முறை வேறு. 'குக் பண்ணு' என்பதும் அவ்வாறே. நம் அடுக்களையில் வேகவைத்தல் வேறு, வதக்கல் வேறு, வறுத்தல் வேறு, பொரித்தல் வேறு, தாளித்தல் வேறு. இவ்வினைகளே அடுத்து 'வறுவல்', 'பொரியல்', 'தாளிப்பு' எனப் பெயர்களையும் ஈன்று தந்தன. 'பொரி' என்பதோ வடிவம் மாறாமலே பெயருமாகும், வினையுமாகும். வினை ஒன்று வழக்கொழிந்தால், அதன் வயிற்றில் பிறக்க வேண்டிய பெயர்களும் பிறவாமற் போகும். பெயரை இழந்த மொழி மற்றொரு பெயரைக் கடன் பெறலாம். வினையை இழந்த மொழிக்கு ஈன்று தரும் ஆற்றலே குன்றும்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது மேலும் கூர்மையான செய்தி. தாயகத்தில் வயலும் சந்தையும் பள்ளியும் கோயிலும் பிள்ளைக்கு வினைச்சொற்களைக் கற்பிக்கும். இங்கே கடைத்தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் அவ்விடங்களை நிரப்பிவிட்டன. அது முறையும் ஆகும், நாம் வாழும் மண்ணின் மொழியை நம் பிள்ளைகள் நன்கு கற்றாக வேண்டும். தமிழ் வினைகளுக்கு எஞ்சிய பள்ளி வீடு ஒன்றே. அதிலும் பாட்டியார் நிற்கும் அடுக்களையே. அங்கும் 'வாஷ் பண்ணு' புகுந்துவிட்டால் வேறு புகலிடம் இல்லை.

எனவே நம் குடும்பங்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. ஆங்கிலப் பெயர்ச்சொல் வீட்டில் ஒலிப்பதற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டா. காரும் பஸ்ஸும் போனும் இருக்கட்டும். அவற்றை ஓட்டுவதும் பிடிப்பதும் எடுப்பதும் தமிழில் நிகழட்டும். பெயரைக் கடன் கொள்வோம், வினையைக் கைவிடாதிருப்போம்.

மீண்டும் அவ்வில்லத்தில்

சில திங்கள் கழித்து நாம் அவ்வில்லத்திற்கு மறுபடியும் செல்ல நேர்ந்தது. பிள்ளை அடுக்களைத் தொட்டியருகே நின்று, புளியும் சாம்பலும் கொண்டு பித்தளைச் சொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும், "பாட்டிக்குச் சொம்பு விளக்கறேன்" என்றான். பிறகு சற்று நின்று, "விளக்குக்கும் விளக்கறதுக்கும் ஏன் ஒரே பேர்?" என்று கேட்டான்.

ரவுண்டு என்னும் சொல்லின் ஐந்து தொழிலையும் அறிந்த பிள்ளை கேட்க வேண்டிய கேள்வியே அது. நாம் கூறினோம்: "விளங்குதல் என்றால் ஒளிர்தல். தானே ஒளிர்ந்தால் விளங்கும். பிறிதொன்றை ஒளிரச் செய்தால் விளக்கும். வீட்டை ஒளிரச் செய்வதால் அதற்கு விளக்கு என்று பெயர். சொம்பைத் தேய்த்து ஒளிரச் செய்வதும் விளக்குதல். ஆசிரியர் பொருளை ஒளிரச் செய்வதும் விளக்குதல்."

பிள்ளை சொம்பைக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "அப்படின்னா இதுவும் இப்ப விளங்குது" என்றான். பாட்டியார் அடுப்பருகே நின்றபடியே திரும்பி அவனைப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. சொம்பைக் கையில் வாங்கி, அதில் நீர் நிரப்பிப் பூசை அலமாரியில் விளக்கின் அருகே வைத்தார்.